போயிட்டு வாரோம்

அன்று மத்தியானத்துக்குள் உடைமரத்தூர் பல நூறு தடவை மூழ்கிவிட்டது. ஒரு தடவைகூட ஒருவரும் சாகவில்லை. சென்னையில் இருக்கும் பேரிடர் ஒத்திகை மையத்தில் எல்லாருடைய முகத்திலும் களை வந்துவிட்டது. யாரோ கேன்டீனுக்குச் சொல்லி வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்திருந்தார்கள். செண்பகவல்லி மட்டும் பஜ்ஜியைத் தொடவில்லை. திரையில் வரிசையாக வந்துகொண்டிருந்த பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு பூஜ்யம் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அதுவும் வல்லி பிறந்த ஊர் உடைமரத்தூர். ஆற்றை ஒட்டிய தெருவில், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா ஆறுமுக நயினார் தனியாக இருக்கிறார். ஊரிலேயே முதலில் சந்தோஷப்பட வேண்டியவள் அவள்தான். ஆனால் அந்தப் பூஜ்யத்தை வரவழைத்ததும் அவள்தான். அதுதான் உறுத்தல்.

மையத்தில் கன்டெய்னர் என்ற சொல்லை விருந்தினர்கள் வரும்போது மட்டும்தான் வெளியே எடுப்பார்கள். மற்ற நேரத்தில் அது டப்பா. கணினிக்குள் ஓடும் ஒரு டப்பாவுக்குள் ஓர் ஊர். அந்த ஊரின் தெருக்கள், மேடு பள்ளம், ஆறு, ஆற்றுக்கு மேலே உள்ள அணை, இதையெல்லாம் இயக்கும் மென்பொருள், அந்த மென்பொருள் நம்பியிருக்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்து மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து அது எதையும் எதிர்பார்க்காது. சென்னையில் திறந்தாலும் செவ்வாய் கிரகத்தில் திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும். ஓடி முடிந்ததும் தூக்கி எறிந்துவிடலாம். டப்பாக்களை வார்த்தெடுக்கும் அச்சு மட்டும் பத்திரமாக இருக்கும். பழைய அச்சுகளைக்கூட அழிக்க மாட்டார்கள். அதிலிருந்து இன்னொரு ஊர், இன்னொரு வெள்ளம். போன வெள்ளத்தின் ஞாபகம் இந்த ஊருக்குத் துளியும் இருக்காது.

ஊர் என்றால் ஆட்கள் வேண்டும். அதற்காக உடைமரத்தூரில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஒரு இயந்திரக் குரல் சாவகாசமாகப் பேசியது. வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள், யார் சொன்னால் கேட்பீர்கள், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்று விசாரித்தது. சம்மதம் கேட்டுத்தான் பேசியது. ஊரில் பாதிப் பேர் அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் உருவானது. நகல்கள் டப்பாவுக்குள் சமைத்தன, சண்டை போட்டன, பயந்தன, மூழ்கின. மூழ்கும்போது அவற்றுக்கு வலிக்குமா என்று வல்லி முதல் கூட்டத்திலேயே கேட்டாள். அந்தக் கேள்விக்கு நிதி ஒதுக்கவில்லை என்று மையத்தின் இயக்குநர் மெஹருன்னிசா சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வல்லியும் சிரித்து வைத்தாள்.

முதல் அச்சில் வார்த்த டப்பாக்களில் அவள் அப்பா செத்துக்கொண்டே இருந்தார். தெருவோடு சேர்ந்து முகாமுக்குப் போவார், கொஞ்ச நேரம் இருப்பார், திரும்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் வந்துவிடும். ஒவ்வொரு டப்பாவிலும் இதே கதை. அவர் மட்டுமில்லை, தெருவே திரும்பி வந்து மூழ்கியது. வெறும் கணக்குதான் என்று வல்லிக்குத் தெரியும். தெரிந்தும், ஓட்டம் முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் ஊருக்குப் போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். மகளுக்குத் திடீரென்று இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ஆச்சரியம்.

கடைசியில் காரணம் அகப்பட்டது. முகாமுக்குப் போகச் சொன்னால் போவீர்களா என்ற கேள்விக்கு ஊரே ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: போயிட்டு வாரோம். வீட்டு வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் யாருக்கும் இல்லை. ஒரேயடியாகப் போகிற மாதிரி இருக்கும். எங்கேயோ செய்த மென்பொருளுக்கு இந்த நாசூக்கு என்ன தெரியும்? போவதையும் எடுத்துக்கொண்டது, வருவதையும் எடுத்துக்கொண்டது.

வல்லி ஒரே ஒரு வரி எழுதினாள். 'போயிட்டு வா' என்பது எந்த உருவத்தில் வந்தாலும் அதை 'போ' என்று மட்டும் படி. புது அச்சு தயாரானது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஊரே பிழைத்துக்கொண்டது. அன்று வல்லி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மெஹருன்னிசா டெல்லிக்குப் போய் அந்த ஒற்றை வரியைப் பற்றி உரையாற்றிவிட்டு வந்தார். வேறு எந்தத் திருத்தமாக இருந்தாலும் வல்லி நாலு பக்கமும் தட்டிப் பார்த்திருப்பாள். இதை மட்டும் தட்டவில்லை. அப்பா சாகாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

இப்போது வரப்போவது நிஜ வெள்ளம். மலையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நொச்சியாற்று அணை நிரம்பிவிட்டது. இருட்டுவதற்குள் மதகுகளை முழுதாகத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அணைச்சுவர் தாங்காது, கீழே இருக்கும் மூன்று நகரங்கள் போய்விடும். திறந்தால் உடைமரத்தூர் மட்டும் மூழ்கும். ஊர்மக்கள் அத்தனை பேரும் காலையிலேயே முகாம்களுக்கு வந்துவிட்டார்கள், பெயர் பதிந்தாகிவிட்டது என்று தாசில்தார் லூர்துசாமி தெரிவித்திருந்தார். டப்பாக்களும் பூஜ்யம் சொல்லின. மதகைத் திறக்கலாம் என்ற பரிந்துரையில் மெஹருன்னிசா கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

வல்லி நடைபாதைக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வீட்லதான்மா. முகாமுக்குப் போயிட்டு வந்துட்டேன்."

ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி அவர் குரலில் இருந்தது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தாராம். பொட்டலத்தில் புளியோதரை கொடுத்தார்களாம், உப்பு கொஞ்சம் தூக்கல். ஒரே புழுக்கம், மின்விசிறி ஓடவில்லை. தெருவில் எல்லாரும் கிளம்பினார்கள், இவரும் கிளம்பி வந்துவிட்டார். மழைதான் மலையில் பெய்கிறதே தவிர ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து வீட்டில் வற்றல் காயப்போட்டிருக்கிறார்கள்.

"உங்களை யாருப்பா திரும்பி வரச் சொன்னது?"

"நல்லா கேட்டே போ. அவங்கதாம்மா சொன்னாங்க. ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு, 'பொதுமக்கள் எல்லாரும் பத்திரமா முகாமுக்குப் போயிட்டு வாங்க'ன்னு விடியக்காலத்துலேர்ந்து கத்துதானுவல்லா. போனோம், வந்தோம். தண்ணி வந்தா மறுபடி கூப்பிடாமலா இருப்பாங்க?"

தண்ணீர் கூப்பிட்டுவிட்டு வராது, இப்போதே முகாமுக்குப் போங்கள் என்று வல்லி கெஞ்சினாள். அவள் குரலில் இருந்த நடுக்கம் அவரையும் தொட்டிருக்க வேண்டும். சரி, போயிட்டு வாரேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் வல்லி ஓட்டமாக இருக்கைக்குத் திரும்பி, ஒதுக்கிப் போட்டிருந்த முதல் அச்சிலிருந்து ஒரு டப்பாவை வார்த்துத் திறந்தாள். நகல்கள் ஏன் ஒன்றைச் செய்தன என்ற காரணமும் உள்ளே ஒரு வரியில் கிடக்கும். சாவுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறியவள் அந்த வரியைத் திறந்து படித்ததே இல்லை. இப்போது படித்தாள். வீட்டுக்குத் திரும்பிய ஒவ்வொருவருக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தது: அறிவிப்பில் அப்படிச் சொன்னார்கள். ஒத்திகைக்காகத் தாசில்தார் அலுவலகம் முன்பே எழுதிக் கொடுத்திருந்த அறிவிப்பு அது. வாசகமும் இன்று ஆட்டோ கத்திய அதே வாசகம்தான். மக்கள் சொன்ன பதிலோடு சேர்த்து அறிவிப்பில் இருந்த 'வாங்க'வையும் அவளுடைய ஒற்றை வரி விழுங்கியிருந்தது. முதல் அச்சு தப்பே செய்யவில்லை. ஊர் என்ன செய்யும் என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, இவள்தான் வாயை அடைத்திருக்கிறாள்.

மெஹருன்னிசாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பெயர் பதிந்தாகிவிட்டதே என்றார். அப்பா வீட்டில்தான் இருக்கிறார் மேடம் என்றாள் வல்லி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு லூர்துசாமியைக் கூப்பிட்டு, முகாமைப் பெயரேட்டில் பார்க்காமல் கண்ணால் பார்க்கச் சொன்னார். போனவர் திரும்பி வீடியோவில் வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் காலிப் பொட்டலங்களும் நாலைந்து கைக்குழந்தைக்காரிகளும்தான் இருந்தார்களாம்.

அணைப் பொறியாளர்களிடம் பேசினார்கள். பொழுது சாய்வது வரை பொறுக்கலாம், அதற்குமேல் ஒரு நொடிகூட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி மைக் கட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? இன்னொரு தடவை தப்பினால் திருத்த நேரமில்லை. வல்லி முதல் அச்சிலிருந்தே டப்பாக்களை வார்த்து, அறிவிப்பை மட்டும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள்.

முகாமிலேயே இருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். இருந்தார்கள். பிறகு ஒருவர் கதவைப் பூட்டினோமா என்று பார்க்கக் கிளம்பினார், ஒருத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பினாள், இன்னொருவர் சர்க்கரை மாத்திரையை எடுக்கக் கிளம்பினார். கிளம்பிய ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரிடம், இதோ போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். ஆபத்து என்று சொல்லிப் பார்த்தாள். வெயிலைக் காட்டிச் சிரித்தார்கள். போலீஸை நிறுத்திப் பார்த்தாள். சந்து வழியாக வந்தார்கள். அப்பா இரண்டு டப்பாக்களில் பிழைத்து நாலில் செத்தார். வெளியே ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஐந்தே சொற்களைத் தட்டினாள். ஊரை விட்டுப் போங்க. திரும்பி வராதீங்க.

டப்பாவுக்குள் ஊர் ஒரு கணம் நின்றது. பயத்தைக் காட்டும் கோடு அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது. பெண்கள் தெருவில் நின்று அழுதார்கள். சாமி படங்களைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அழுதுகொண்டே போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. இன்னும் பல டப்பாக்களில் ஓட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஊர் காலியாகவே இருந்தது.

இதை மைக்கில் சொல்ல லூர்துசாமி மறுத்துவிட்டார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

"வாசலைத் தாண்டுதவங்களைப் பாத்து வராதேன்னு எப்படி மேடம் சொல்லுவேன்? சாபம் விட்ட மாதிரில்லா இருக்கும். ஆட்டோக்காரனுவ மூணு பேர்ட்ட கேட்டுட்டேன். ஒருத்தன் சாவியை என் கையில குடுத்துட்டு இறங்கிட்டான்."

இங்கிருந்தே பேசிப் பதிவு செய்து அனுப்புவோம் என்று மெஹருன்னிசா சொன்னார். வல்லியைப் பார்த்தார்.

"உனக்கு அந்த ஊர்ப் பேச்சு வரும். உன் குரல் அவங்களுக்குத் தெரியும். வேற யார் சொன்னாலும் திட்டுறாங்கன்னு நினைப்பாங்கமா."

வல்லி கைப்பேசியை வாயருகே பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஊர் நிற்கவில்லை. அப்பா மட்டும்தான் நின்றார், வாசல் நடையில், சட்டை போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. அம்மா போன பிறகு அவர் அப்படித்தான் நின்று இவளை வழியனுப்புவார். முதல் தடவை பேசியபோது நாக்கு தானாக 'போயிட்டு' என்று ஆரம்பித்தது. இரண்டாம் தடவை பாதியில் குரல் உடைந்தது. மூன்றாம் தடவை யாரோ பேசுவது போல அந்த ஐந்து சொற்களையும் சொல்லி முடித்தாள். நான் ஆறுமுக நயினார் மகள் செண்பகவல்லி பேசுகிறேன் என்று முன்னால் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. உடைமரத்தூரின் தெருத்தெருவாக அவள் குரல் போய்க்கொண்டிருந்தது, அவள் சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். பொழுது சாய்ந்ததும் மதகுகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஒரு சினிமா பார்க்கும் நேரத்துக்குள் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும். அவள் மறுபடி மறுபடி அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

உடைமரத்தூர் கூரை வரை மூழ்கியது. ஒருவரும் சாகவில்லை. லூர்துசாமி இந்தத் தடவை பெயரேட்டை நம்பாமல் ஒவ்வொருவரையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் ஒரு படத்தில் ஆறுமுக நயினார் பள்ளிக்கூடத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் திருப்பிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று வல்லி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மெஹருன்னிசா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

தண்ணீர் வடிந்து, சேறு வழித்து, ஊர் வீடு திரும்பியது. வீட்டுக்குப் போகலாம் என்று லூர்துசாமியே மைக்கில் சொல்லி அனுப்பினார். சில நாள் கழித்து அவர் வல்லியைப் போனில் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒருவர்தான் முகாமைக் காலி செய்யவில்லை, அவர் உங்கள் அப்பா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்க வேண்டுமாம். வல்லி போன் போட்டாள்.

"என்னப்பா இது, சின்னப்பிள்ளை மாதிரி?"

"போகச் சொன்னே, போனேன். வராதேன்னு சொன்னே, வரலை."

"அது எல்லாருக்கும் சொன்னதுப்பா."

"தெரியும்மா. எல்லாரும் போயாச்சு. நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

கேலியா கோபமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அறிக்கை முடிக்க வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்றாள். சரிம்மா என்றார். அந்தச் 'சரிம்மா' அவளுக்குப் புதிதில்லை. கல்லூரிக்காகச் சென்னைக்கு வந்ததிலிருந்து அவள் சொல்லும் ஒவ்வொரு அடுத்த வாரத்துக்கும் அவர் அப்படித்தான் சொல்லிவந்தார்.

அறிக்கைக்காகப் பழைய ஓட்டங்களைத் துழாவியபோதுதான் அது கண்ணில் பட்டது. அன்றைய பதற்றத்தில் ஒரு டப்பாவை யாரும் நிறுத்தவில்லை. அந்த ஐந்து சொற்களை அவள் முதன்முதலில் ஓடவிட்ட டப்பா. சர்வரின் ஒரு மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே காலம் வேகம். வெளியே சில நாள் கழிவதற்குள் அங்கே வருடக்கணக்கில் ஆகிவிட்டிருந்தது. வெள்ளம் எப்போதோ வடிந்து ஆறு வறண்டு கிடந்தது. வீடுகள் நின்றன, உள்ளே ஆள் இல்லை. வாருங்கள் என்று அங்கே யாரும் மைக் கட்டிச் சொல்லவில்லை. முகாமில் காத்திருந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வெளியூர் போய்விட்டார்கள். முகாமில் ஒரே ஒரு நகல் மிச்சம் இருந்தது.

யார் என்று பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வல்லி காரணத்தைத் திறந்தாள். வெள்ளத்துக்கு முன்னால் இயந்திரக் குரல் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு அப்பா சொல்லியிருந்த பதில் அங்கே கிடந்தது: மக போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.

இது முதல் அச்சில் வார்த்த டப்பா. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். மகள் போனாள், ஆகவே மகள் வருவாள் என்று அது குறித்து வைத்திருந்தது. ஆனால் ஊரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் நகல் செய்தார்கள். டப்பாவுக்குள் எங்கே தேடினாலும் செண்பகவல்லி என்று ஒருத்தி கிடையாது.

நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். நிறுத்தினால் அவர் இல்லாமல் போவார், நிறுத்தாவிட்டால் இன்னும் காத்திருப்பார். அறிக்கையை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று மெஹருன்னிசா கேட்டார். ஊருக்கு என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். தெருவில் இறங்கி, தென்பக்கம் போகும் பேருந்துகள் நிற்கும் இடத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.